நாலடித் தொட்டியில் எந்த நீர்மூழ்கி?

எங்கள் பாடசாலை விஞ்ஞான மன்றத்துக்கு இம்முறை கண்காட்சியில் கிடைத்திருப்பது ஒரு மேசையும், நாலடி நீளமும் ஒன்றரை அடி ஆழமும் கொண்ட ஒரு மீன்தொட்டியும்தான். ஒரு காட்சிப்பொருளை மட்டுமே வைக்கலாம். அது தொட்டிக்குள் மூழ்கி, நடுநீரில் நின்று, மறுபடி மேலே வரவேண்டும். நீர்மூழ்கிக் கப்பல் என்ற தலைப்பில் எவரும் முரண்படவில்லை. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு வருகிற பிள்ளைகளுக்கு அந்தத் தலைப்பை யாரும் எடுத்துக்கொடுக்கத் தேவையில்லை. எந்த நீர்மூழ்கி என்று கேட்டபோதுதான் மன்றம் நாலாகப் பிரிந்தது. அணுசக்தியில் ஓடுவது வேண்டும் என்றார்கள் சிலர். உலக யுத்தக் காலத்தில் இங்கிருந்து போன டீசல் நீர்மூழ்கி வேண்டும் என்றார்கள் வேறு சிலர். ஆறாயிரம் மீற்றருக்கு இறங்கும் ஆய்வுக்கலம் வேண்டும் என்றான் ஒருவன். மூதூரிலிருந்து வரும் ஒரு மாணவி, ஆளே இல்லாமல் மாதக்கணக்கில் கடலுக்குள் அலையும் கிளைடரைச் செய்வோம் என்றாள்.

தெரிவை வாக்கெடுப்புக்கு விட எனக்கு மனமில்லை. வாக்கெடுத்தால் அணுநீர்மூழ்கிதான் வெல்லும், பெயரிலேயே பாதி வெற்றி அதற்கு இருக்கிறது. ஆகவே மூன்று கேள்விகளை வைத்து நாலையும் எடைபோடலாம் என்று தீர்மானித்தோம். தொட்டிக்குள் அது காட்டும் இயக்கம், உண்மையான கப்பலின் இயக்கமாகவே இருக்குமா? அது எதற்குப் பயன்படுகிறது என்று கேட்பவருக்குத் தரம் 10 மாணவன் தன் வாயால் விளக்க முடியுமா? இந்த ஊரில் அதைக் காட்டுவதற்கு ஏதாவது நியாயம் உண்டா?

நாலுக்கும் பொதுவான பாடத்தை முதலில் சொல்லிவிடலாம். ஒரு பொருள் தான் இடம்பெயர்க்கும் நீரின் நிறைக்குச் சமமான மேலுதைப்பைப் பெறுகிறது என்ற ஆக்கிமிடீசின் தத்துவம் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். சாதாரணக் கப்பல் எப்போதும் மேலுதைப்பின் தயவில் இருக்கிறது. நீர்மூழ்கியோ தன் நிறையை விரும்பியபடி கூட்டிக் குறைக்கிறது, அல்லது தன் கனவளவைக் கூட்டிக் குறைக்கிறது. எந்த வகை நீர்மூழ்கியும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறது. மூழ்குவதில் பெரிய கெட்டித்தனம் இல்லை, ஓட்டைப் படகும் மூழ்கும். நடுநீரில், ஏறாமலும் இறங்காமலும், மூக்கும் வாலும் ஒரே மட்டத்தில் நிற்பதுதான் கடினம்.

அணுநீர்மூழ்கியின் சிறப்பு அது மூழ்கும் முறையில் இல்லை. மூழ்குவதும் எழுவதும் மற்றக் கப்பல்களைப் போலவேதான். அணுவுலையின் வெப்பத்தால் நீராவி உண்டாக, அந்த நீராவி சுழலியைச் சுற்ற, அதிலிருந்து உந்துவிசையும் மின்சாரமும் கிடைக்கின்றன. இவற்றில் எதற்கும் காற்றுத் தேவையில்லை. மின்சாரம் தாராளமாக இருப்பதால் நீரைப் பகுத்து ஒட்சிசனையும் உள்ளேயே உண்டாக்கிக்கொள்ளலாம். எனவே அது எவ்வளவு காலம் நீருக்கடியில் இருக்கலாம் என்பதை எரிபொருள் தீர்மானிப்பதில்லை. களஞ்சியத்தில் இருக்கும் சாப்பாடும் ஆட்களின் மனநிலையும்தான் தீர்மானிக்கின்றன. 1955 இல் முதன்முறையாக அணுசக்தியில் கடலில் இறங்கிய அமெரிக்காவின் நோட்டிலஸ், 1958 ஓகஸ்ட் 3 அன்று பனிப்பாறைகளுக்கு அடியாலேயே வடதுருவத்தைக் கடந்தது அப்படித்தான். நமக்கு அயலில் இந்தியா 2016 இல் அரிகந்த் என்னும் அணுநீர்மூழ்கியைத் தன் கடற்படையில் சேர்த்தது. அது ஏவுகணைகளோடு கண்ணுக்குப் படாமல் கடலுக்குள் காத்திருப்பதற்கானது. தாக்கினால் திருப்பி அடிக்க ஒருவன் எங்கோ ஒளிந்திருக்கிறான் என்ற நினைப்பை எதிரியின் மனதில் வைத்திருப்பதே அதன் வேலை.

இதில் தொட்டிக்குள் காட்டக்கூடியது என்ன? அட்டையால் அணுவுலை செய்து உள்ளே ஒரு சிவப்பு மின்குமிழை எரியவிடலாம். அது காட்சியாக இருக்குமே தவிர இயக்கமாக இராது. ஒரு மாணவனிடம் நான் கேட்டேன்: “இதன் முக்கியமான குணம் எது?” “கன நாள் மேலே வராமல் இருக்கும், ரீச்சர்.” “அதைத் தொட்டியில் எப்படிக் காட்டுவாய்?” அவன் சற்று யோசித்துவிட்டு, “மூன்று நாளும் அடியிலேயே விட்டுவிடலாம்” என்றான். பகிடி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பகிடியோடு அணுநீர்மூழ்கியின் கோரிக்கை முடிந்தது.

ஆழ்கடல் ஆய்வுக்கலத்தை அவ்வளவு இலேசாகத் தள்ளிவிட முடியவில்லை. பத்து மீற்றர் இறங்கினால் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. ஆறாயிரம் மீற்றரில், ஒரு நகத்தின் அளவான ஒரு சதுர சென்ரிமீற்றரில், அறுநூறு கிலோகிராமுக்கும் மேற்பட்ட பாரம் அழுத்துகிறது. அதைத் தாங்க நீண்ட உருளை உதவாது, அமுக்கத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் கோளம் வேண்டும். அதனால்தான் 1960 ஜனவரி 23 அன்று பிக்காரும் வொல்சும் திரியெஸ்ட் என்ற கலத்தில் உலகின் மிக ஆழமான கடற்பகுதியான மரியானா அகழியின் அடியைத் தொட்டபோது ஒரு தடித்த உருக்குக் கோளத்துக்குள் இருந்தார்கள். அதனால்தான் சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 கலத்திலும் மூன்று பேர் 2.1 மீற்றர் விட்டமுள்ள தைத்தேனியக் கோளத்துக்குள் இருக்கப்போகிறார்கள். 2023 ஜூனில் டைட்டானிக் சிதைவைப் பார்க்கச் சென்ற டைட்டன் என்ற கலம் நொறுங்கி ஐந்து பேர் இறந்தார்கள். அதன் உடல் காபன் நாரால் செய்யப்பட்ட உருளை. அந்தச் செய்தி வந்த வாரத்தில் வகுப்பில் நான் வேறு பாடமே நடத்த முடியவில்லை, அத்தனை கேள்விகள்.

இக்கலங்கள் இறங்குவதும் ஏறுவதும்கூட எளிமையான வழியில்தான். இரும்புப் பாரங்களைக் கட்டிக்கொண்டு இறங்கி, வேலை முடிந்ததும் பாரத்தைக் கழற்றிக் கடலடியிலேயே விட்டுவிட்டு மேலே வருகின்றன. எந்த இயந்திரம் பழுதானாலும் பாரத்தைக் கழற்ற முடிந்தால் போதும், கலம் தானாகவே எழும். இதைத் தொட்டியில் நேர்மையாகக் காட்டலாம். ஒரு பிளாஸ்ரிக் பந்து, ஒரு காந்தம், இரண்டு இரும்பு நட்டுகள் இருந்தால் போதும். ஆனால் பார்வையாளர் ஒரே ஒரு முறைதான் பார்ப்பார்; அடுத்தவருக்குக் காட்ட, அடியில் கிடக்கும் நட்டைக் கைவிட்டு எடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, ஒன்றரை அடித் தண்ணீரில் அமுக்கம் என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் இல்லை என்பது. அமுக்கத்தைக் காட்ட முடியாத ஆழ்கடல் கலம், காரம் இல்லாத மிளகாய்த்தூள் மாதிரி.

இனி டீசல் நீர்மூழ்கி. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் இந்தத் துறைமுகத்தில் பிரித்தானியரின் அடமன்ட் என்ற தாய்க்கப்பல் நங்கூரமிட்டு நின்றது. அதன் பக்கத்தில் அணைந்து நின்று எரிபொருளும் டோப்பிடோ என்னும் நீருக்கடி ஏவுகுண்டும் உணவும் ஏற்றிக்கொண்டு நீர்மூழ்கிகள் மலாக்கா நீரிணைக்குப் புறப்பட்டன. அவற்றில் ரி (T) வகுப்பைச் சேர்ந்தவை ஏறத்தாழ 84 மீற்றர் நீளமானவை, அறுபது பேர் வரை உள்ளே இருப்பார்கள். மேலே மிதக்கும்போது டீசல் இயந்திரம் ஓடும், அதுவே மின்கலங்களையும் மின்னேற்றும். மூழ்கியதும் டீசலை நிறுத்திவிட்டு மின்மோட்டரில் ஓடவேண்டும், ஏனென்றால் டீசலுக்குக் காற்று வேண்டும், உள்ளே இருக்கும் காற்றை அது சில நிமிடங்களில் குடித்துவிடும். அக்காலத்தில் பகல் முழுவதும் நீருக்குள் மெல்ல நகர்ந்து, இரவானதும் மேலே வந்து மின்னேற்றுவதே வழக்கம். பின்னர் மூச்சுக்குழாய் பொதுவழக்கானது. கப்பல் அலைகளுக்குச் சற்றுக் கீழே இருந்தபடியே குழாயை மட்டும் நீட்டிக் காற்றை எடுக்கிறது. இன்று சுவீடனின் கொட்லண்ட் வகுப்பு, திரவ ஒட்சிசனைக் கொண்டுசென்று, வெளியிலிருந்து கொடுக்கும் வெப்பத்தில் ஓடும் ஸ்ரேர்லிங் இயந்திரத்தை ஓட்டியும், ஜெர்மனியின் 212 வகைக் கப்பல்கள் ஐதரசன் எரிபொருட்கலங்களாலும், இரண்டு வாரமளவில் மூச்சுக்குழாயும் இன்றி நீருக்குள் இருக்கின்றன. மின்மோட்டரில் மெதுவாகப் போகும் டீசல் நீர்மூழ்கி, ஓயாமல் பம்பிகளை ஓட்டவேண்டிய அணுநீர்மூழ்கியைவிடச் சத்தம் குறைந்தது. சின்ன நாடுகளும் ஆழமற்ற கடல்களும் அதை விட்டுவிடாததற்குக் காசு மட்டும் காரணமல்ல.

அவை இங்கிருந்து போய் என்ன செய்தன என்பதும் பிள்ளைகள் சொல்லக்கூடிய கதைதான். 1944 ஜனவரி 11 அன்று டாலிஹோ என்ற நீர்மூழ்கி, பினாங்குக்கு அப்பால் குமா என்ற ஜப்பானிய இலகு குரூசர் வகைப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 19 அன்று, இந்தத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட நேசநாட்டுக் கப்பற்படையின் விமானங்கள் சுமாத்திராவை ஒட்டிய சபாங்கைத் தாக்கியபோது, கடலில் விழுந்த அமெரிக்க விமானி ஒருவரைக் கரைப் பீரங்கிகளின் சூட்டுக்கு நடுவே டக்டீசியன் என்ற நீர்மூழ்கி மேலே வந்து தூக்கிக்கொண்டது. நீர்மூழ்கி என்றால் ஒளிந்திருந்து அடிப்பது என்று மட்டும் நினைக்கும் மாணவனுக்கு இந்த இரண்டாவது கதையைக் கட்டாயம் சொல்லவேண்டும். உளவாளிகளை இரவில் கரையில் இறக்குவதும், துறைமுக வாயில்களில் கண்ணிவெடிகளைப் போடுவதும், எதிரித் துறைமுகத்தைப் பார்வைக்குழாயால் நாட்கணக்கில் கவனிப்பதும் அதன் வேலைகள்தாம். 1944 பெப்ரவரி இறுதியில் இங்கிருந்து ரோந்துக்குப் புறப்பட்ட ஸ்டோன்ஹென்ஜ் என்ற நீர்மூழ்கி திரும்பி வரவேயில்லை.

ஆனால் ஊர்ப்பாசத்தை வைத்து மட்டும் இதைத் தெரிந்தெடுப்பது சரியாகாது. முதல் கேள்வி இன்னும் மிச்சமிருந்தது: தொட்டிக்குள் அது உண்மையாக இயங்குமா? அதற்காக ஒரு சனிக்கிழமை காலை ஒன்றரை லீற்றர்ப் போத்தல் ஒன்றை எடுத்து, வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை அதன் வயிற்றுக்குக் கீழே கம்பியால் கட்டி, அடியில் ஒரு துளையும் மூடியில் சேலைன் குழாயும் வைத்துத் தண்ணீரில் விட்டோம். குழாயால் காற்றை உறிஞ்சினால் துளையால் நீர் ஏறும், ஊதினால் வெளியேறும். பாடநூலில் உள்ள படம் அச்சொட்டாக இதுதான். காற்றை உறிஞ்சினோம், போத்தல் இறங்கத் தொடங்கியது, அரையடி இறங்கியதும் மூக்கு சற்றே தாழ்ந்தது, மறுகணம் உள்ளே இருந்த நீரெல்லாம் மூக்குப் பக்கம் ஓட, காற்றுக்குமிழி முழுதும் வாலுக்குப் போக, போத்தல் தலைகீழாக நட்டுக்குத்தாக நின்றது. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஐந்து முறை செய்தும் ஐந்து முறையும் அது தலைகீழாகவே நின்றது.

பாடநூல் படம் சொல்லாமல் விட்ட விடயம் இதுதான். பாதி நிரம்பிய தொட்டிக்குள் இருக்கும் நீர் எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஓடி, தாழ்வை மேலும் தாழ்வாக்கும். ஆகவே உண்மையான நீர்மூழ்கியில் இரண்டு வகைத் தொட்டிகள் இருக்கின்றன. பெரிய பலாஸ்ட் தொட்டிகள் அமுக்கத்தைத் தாங்கும் உடலுக்கு வெளியே இருக்கின்றன. அடியில் திறப்பு, மேலே காற்று வால்வு. மூழ்கவேண்டுமென்றால் மேல் வால்வைத் திறந்தால் போதும், காற்று சீறிக்கொண்டு வெளியேற நீர் கீழிருந்து நிரம்பும்; எழவேண்டுமென்றால் வால்வை மூடி, உயர் அமுக்கக் காற்றைச் செலுத்தி நீரைக் கீழாலேயே தள்ளவேண்டும். இவை கடலுக்குள் போகும்போது முழுதாக நிரம்பியிருக்கும், மேலே இருக்கும்போது வெறுமையாக இருக்கும், நடுநிலை இல்லை. நடுநீரில் நிறுத்தும் நுட்பமான வேலையை உடலுக்கு உள்ளே முன்னும் பின்னும் நடுவிலும் இருக்கும் சிறிய சமன்தொட்டிகள் செய்கின்றன. ஒரு டோப்பிடோ போனால் முன்பக்கம் ஒன்றரைத் தொன் குறைகிறது. உடனே அந்த அளவு நீரை முன்னுக்கு எடுக்காவிட்டால் மூக்கு எழும்பி எதிரிக்கு முன்னால் தலைகாட்டிவிடும். எரிந்த டீசலின் இடத்தில் கடல்நீர் நிரம்புவதால் கப்பல் நாளுக்கு நாள் பாரமாகிறது. தின்று தீர்த்த உணவால் இலேசாகிறது. ஆழம் கூடும்போது உருக்கு உடலே சிறிது சுருங்க, மேலுதைப்பும் குறைகிறது. இவை எல்லாவற்றுக்கும் ஒருவர் நாள்தோறும் கணக்குப் பார்க்கிறார். ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டுச் சிறகுகள் சிறிய பிழைகளைச் சமாளித்துவிடும். நின்றுவிட்டால் கணக்குத்தான் காப்பாற்றும்.

இதைப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது எனக்கு நினைவுக்கு வந்தது நீர்மூழ்கியே அல்ல. 1944 ஓகஸ்ட் 8 அன்று இதே துறைமுகத்தில் வேலியன்ட் என்ற போர்க்கப்பலை ஒரு மிதக்கும் உலர்துறையில் ஏற்றித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மிதக்கும் உலர்துறை என்பது ஒரு வகையில் நீர்மூழ்கியின் ஒன்றுவிட்ட சகோதரம்: தொட்டிகளில் நீரை நிரப்பித் தாழும், கப்பல் உள்ளே வந்ததும் நீரை இறைத்து எழும். அன்று தொட்டிகளின் நீரை இறைத்த ஒழுங்கு, உள்ளே நின்ற கப்பலின் பாரம் பரவியிருந்த விதத்துக்குப் பொருந்தவில்லை. வெடிமருந்தும் இறக்கப்படாமல் நிறைய இருந்தது. துறையின் முதுகு முறிந்து அது மூழ்கியது. வேலியன்ட் தப்பினாலும் அதைத் தள்ளும் உள்வரிசைக் காற்றாடிகள் (புரொப்பெல்லர்கள்) இரண்டும் சுக்கான் ஒன்றும் இறுகிப்போயின. எங்கள் போத்தல் ஐந்து முறை செய்ததை அந்த உலர்துறை ஒரே முறை செய்தது என்று சொன்னபோது, வகுப்பு கைதட்டவில்லை.

போத்தலைத் திருத்திய விதம் எங்களை நாலாவது தெரிவிடம் கொண்டுபோய்விட்டது. உள்ளே நீர் ஓடித்திரியாமல் இருக்கவேண்டுமானால் அதை ஒரு பிசுத்தோனுக்குப் பின்னால் அடைத்துவைக்க வேண்டும். ஆகவே போத்தலுக்குள் முன்னும் பின்னுமாக 20 மில்லிலீற்றர் ஊசிக்குழாய்கள் இரண்டைப் பொருத்தி, ஒவ்வொன்றையும் சேலைன் குழாயால் வெளியே உள்ள இன்னொரு ஊசிக்குழாயோடு இணைத்தோம். வெளியே உள்ளதை அழுத்தினால் நீர் உள்ளே போய்ப் போத்தல் பாரமாகும், இழுத்தால் இலேசாகும். முன்னதை மட்டும் அழுத்தினால் மூக்கு தாழும். போத்தல் நடுநீரில் அசையாமல் நின்றது. அப்போதுதான் மூதூர் மாணவி கேட்டாள்: “ரீச்சர், இது இப்ப டீசல் சப்மரீனா, கிளைடரா?”

நியாயமான கேள்வி. கிளைடர் என்பது ஏறத்தாழ ஓர் ஆளின் நீளமுள்ள, சிறகுள்ள உருளை. அதற்குள் இருக்கும் பம்பி சில நூறு மில்லிலீற்றர் எண்ணெயை உடலுக்கு வெளியே உள்ள பையொன்றுக்குத் தள்ளும்போது பை புடைக்கக் கனவளவு கூடி அது எழுகிறது. எண்ணெயை உள்ளே எடுக்கும்போது இறங்குகிறது. இறங்கும்போதும் ஏறும்போதும் சிறகுகள் அதை முன்னோக்கிச் சரிக்கின்றன. காற்றாடியே இல்லாமல், நாம் நடப்பதைவிட மெதுவாக, மணிக்கு ஒரு கிலோமீற்றரளவில் போகிறது. அந்த மெத்தனத்தால்தான் ஒரே மின்கலத்தில் மாதக்கணக்கில் அலைய முடிகிறது. கடல்நீருக்குள் வானொலி அலை அதிகம் செல்லாததால் ஒவ்வொரு முறையும் மேலே வந்து வாலைத் தூக்கி, தான் அளந்த வெப்பநிலையையும் உவர்த்தன்மையையும் செய்மதிக்கு அனுப்பிவிட்டு மீண்டும் இறங்குகிறது. சிறகில்லாத ஆர்கோ மிதவைகளும் இதே முறையில்தான் பத்து நாளுக்கொருமுறை 2000 மீற்றர் வரை இறங்கி ஏறுகின்றன.

ஊரின் நியாயமும் அவள் பக்கத்தில் வலுவாக இருந்தது. கொட்டியார்க்குடாவிலிருந்து வெளிக்கடலுக்கு இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு ஆயிரம் மீற்றருக்கும் கீழே போகிறது. கரைக்கு இவ்வளவு கிட்ட அவ்வளவு ஆழம் இருப்பதும் நீலத் திமிங்கிலங்களை இங்கே காணக்கூடியதாக இருப்பதற்கு ஒரு காரணம். குடாவுக்குள் மகாவலி கங்கையின் நன்னீர் விழுகிறது, மாரிக்காலத்தில் மேலே ஒரு நன்னீர்த்தட்டும் கீழே உவர்நீரும் இருக்கின்றன. இப்படியான கடலை நாள்தோறும் அளப்பதற்குக் கிளைடரைப் போலப் பொருத்தமான கலம் வேறில்லை. யுத்தக் கதையை விடவும் இதுவே நாளைக்கு உதவும் என்ற அவளுடைய வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், தொட்டி எட்டடி நீளமாக இருந்திருந்தால் நான் கிளைடருக்கே சம்மதித்திருப்பேன். சரிவாகப் பறப்பதுதான் அதன் அழகு. நாலடியில் அது ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் கண்ணாடியில் முட்டிவிடுகிறது. சிறகு வெட்டி ஒட்டி மூன்று முறை பார்த்தோம். மூன்று முறையும் முட்டியது.

டீசல் நீர்மூழ்கியின் பக்கம் என்னைச் சாய்த்தது இன்னொரு சோதனை. ஊசிக்குழாய்கள் சமன்தொட்டிகளின் வேலையைத்தான் செய்கின்றன, பலாஸ்ட் தொட்டி எங்கே என்று அணுநீர்மூழ்கிக் கட்சிக்காரன் ஒருவன் குறைகண்டான். “ஏமாத்து வேலை” என்ற சொல்லையும் பாவித்தான். அவன் சொன்னது சரி. ஆகவே சிறிய யோகட் பானப் போத்தல்கள் இரண்டின் அடியில் துளையிட்டு, இரு விலாவிலும் கட்டி, மேலே காற்றுக்குழாய் பொருத்தினோம். இப்போது விலாத் தொட்டிகளில் காற்று இருக்கும்போது போத்தல் முதுகு தெரிய மிதக்கிறது. காற்றை விட்டால் முழுதாக அமிழ்கிறது. அதன் பிறகு ஊசிக்குழாய்களால் அதை நடுநீரில் நிறுத்தலாம். உண்மையான கப்பலின் இரண்டு படிகளும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. கிளைடராலோ ஆய்வுக்கலத்தாலோ இதைக் காட்ட முடியாது; அணுநீர்மூழ்கியும் இப்படித்தான் மூழ்குகிறது என்றாலும் அதன் சிறப்பு இதில் இல்லை.

அதோடு டாலிஹோவின் மிச்சக் கதையையும் இதனால் காட்டலாம். குமாவை மூழ்கடித்த அடுத்த மாதம், மலாக்கா நீரிணையில் இரவில் ஒரு ஜப்பானிய டோப்பிடோப் படகு அதன் மேல் உரசிக்கொண்டு போனது. அந்தப் படகின் காற்றாடி டாலிஹோவின் இடது விலா பலாஸ்ட் தொட்டிகளைக் கிழித்துவிட்டது. தொட்டிகள் அமுக்கம் தாங்கும் உடலுக்கு வெளியே இருந்ததால் ஆட்கள் இருந்த பகுதிக்குள் நீர் வரவில்லை. ஒரு பக்கம் சரிந்தபடியே அது திருகோணமலைக்குத் திரும்பி வந்தது. எங்கள் போத்தலின் இடது காற்றுக்குழாயைத் திறந்துவிட்டு வலது பக்கத்தை மட்டும் ஊதினால், அது ஒருக்களித்துச் சரிந்து, ஆனால் மூழ்காமல், தள்ளாடிக்கொண்டு மிதக்கிறது. மூன்றாவது தடவை காட்டியபோது அணுநீர்மூழ்கிக் கட்சிக்காரனே குழாயைக் கையில் வாங்கிக்கொண்டான்.

ஆகவே டீசல் நீர்மூழ்கி. கிளைடருக்காகத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வரைபடமும், உள்ளே இருக்கும் ஊசிக்குழாய்களுக்கும் கிளைடரின் எண்ணெய்ப் பைக்கும் உள்ள உறவை விளக்கும் நாலு வரியும் உண்டு. அந்த வரிகளை மூதூர் மாணவியே எழுதுகிறாள். பார்வைக்காகச் சோடாப் போத்தலுக்குள் துளிசொட்டியை விட்டு, போத்தலை அமுக்கினால் அது இறங்கும் விளையாட்டையும் வைக்கலாம் என்று ஒரு சக ஆசிரியர் சொன்னார். வேண்டாம் என்றேன். அங்கே துளிசொட்டிக்குள் இருக்கும் காற்றுச் சுருங்குவதால்தான் அது இறங்குகிறது. வெளியே இருந்து அமுக்கினால் நீர்மூழ்கி இறங்கும் என்ற தப்பெண்ணத்தைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

ஒரு சின்னச் சிக்கல் மட்டும் மிச்சம். போத்தலின் பாரத்தைக் குழாய்நீரில் வைத்தே சரிபார்த்திருந்தோம். கண்காட்சியில் கடல்நீர் வைத்தால் பொருத்தமாக இருக்கும் என்று மாணவர்கள் இரண்டு கலன்களில் அள்ளி வந்தார்கள். தொட்டியில் ஊற்றி, விலாத் தொட்டிகளை நிரப்பி, ஊசிக்குழாய்கள் இரண்டையும் முழுதாக அழுத்தியும் போத்தல் மூழ்கவே இல்லை. ஒரு லீற்றர்க் கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 25 கிராம் கூடிய நிறையுள்ளது. ஈயக்குண்டுகளோடு சேர்த்து எங்கள் கப்பல் இடம்பெயர்ப்பது ஒன்றரை லீற்றருக்குச் சற்று மேல். ஆக 40 கிராம் மேலுதைப்பு கூடிவிட்டது, ஊசிக்குழாய்களில் மிச்சமிருந்ததோ 20 மில்லிலீற்றர்தான். ரி வகுப்பு நீர்மூழ்கி ஒன்று மாரிக்காலத்தில் வெளிக்கடலிலிருந்து மகாவலி நீர் கலந்த குடாவுக்குள் நுழையும்போது, நீரின் அடர்த்தி நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தாலே, பதினைந்து தொன் மேலுதைப்பை இழக்கும். ஈயம் இன்னும் 40 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும், எங்கே கட்டுவது என்பதையும் பார்க்க வேண்டும். கண்காட்சி நாள் காலையில் அள்ளும் நீரை அங்கேயே ஒரு முறை நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டுவது என்று முடிவாகியிருக்கிறது. தராசை ஆய்வுகூடத்திலிருந்து கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது.